‘முன்பு – பின்பு’ சார்ட்டை எப்படிப் படிப்பது? எஞ்சின் ட்யூனிங் ரிப்போர்ட்டுகள் பற்றி ஒரு விமர்சனம்

கார் எஞ்சினை ட்யூன் செய்து தரும் கடைகள் வேலை முடிந்ததும் கையில் ஒரு தாள் கொடுக்கும். இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு படமாகவே வந்துவிடுகிறது. சிவப்புக் கோடு ‘முன்பு’, பச்சைக் கோடு ‘பின்பு’, பச்சை மேலே நிற்கும். கீழே கொட்டை எழுத்தில் இரண்டு எண்கள்: குதிரைத்திறன் இவ்வளவு கூடியிருக்கிறது, டார்க் இவ்வளவு கூடியிருக்கிறது. இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்தவருக்கு அந்தத் தாள்தான் அத்தாட்சி.

ஒரு புத்தகத்துக்கோ சினிமாவுக்கோ விமர்சனம் எழுதுவதுபோல இந்தத் தாளுக்கு எழுதிப் பார்க்கலாம் என்று கொஞ்ச நாளாகவே யோசனை. இது எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது, சொல்வது தனக்குள்ளேயே ஒத்துப்போகிறதா? ட்யூனிங் என்பதே ஏமாற்று வேலை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. டர்போ டீசலில் ரீமேப் செய்தால் டார்க் கூடுவது உண்மை. பிரச்சினை அந்தத் தாளில் இருக்கிறது. மாற்றத்துக்குப் பிறகு வண்டி சரியாக இல்லை என்றால், எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க அந்தத் தாள் உதவ வேண்டும். பெரும்பாலும் உதவுவதில்லை.

இரண்டு எண்கள் இல்லை, ஒன்றுதான்

முதலில் அடிப்படை. டார்க் என்பது முறுக்குவிசை, எஞ்சின் தண்டை எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பது. குதிரைத்திறன் என்பது அந்தத் திருகலை எவ்வளவு வேகத்தில் செய்கிறது என்பது.

எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில் கரண்ட் மோட்டார் வருவதற்கு முன் கிணற்றிலிருந்து கவலை இறைத்தார்கள். மெட்ரிக் குதிரைத்திறன் என்பது 75 கிலோவை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் தூக்கும் திறன். தண்ணீரோடு சேர்த்து 150 கிலோ எடையுள்ள சாலை மாடுகள் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இழுத்தால் அது சரியாக ஒரு குதிரைத்திறன். அதே மாடுகள் அதே சாலைப் பாதி வேகத்தில் இழுத்தால் அரை குதிரைத்திறன். இரண்டு தடவையும் கயிற்றில் இருக்கும் இழுவிசை ஒன்றுதான். அந்த இழுவிசைதான் டார்க், எவ்வளவு சீக்கிரம் வயல் நனைகிறது என்பது குதிரைத்திறன்.

கணக்காகச் சொன்னால், டார்க்கை (நியூட்டன் மீட்டரில்) ஆர்பிஎம்மால் பெருக்கி 7,024 ஆல் வகுத்தால் பிஎஸ் எனப்படும் மெட்ரிக் குதிரைத்திறன் வந்துவிடும். ஆக, டைனோ இரண்டு தனித்தனி விஷயங்களை அளப்பதில்லை. ஒன்றை அளந்து மற்றதைக் கணக்குப் போடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி சார்ட்டுகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே சோதிக்கலாம்.

உச்ச எண் சொல்லாத கதை

நம்மூர் ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல். 1,248 சிசி. ஸ்விஃப்ட், டிசையர் தொடங்கி டாடா இண்டிகா விஸ்டா வரை வந்த அதே எஞ்சின். இது இரண்டு வடிவங்களில் வந்தது. ஸ்விஃப்ட்டில் சாதாரண டர்போவோடு 4,000 ஆர்பிஎம்மில் 75 பிஎஸ், 2,000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர். எர்டிகா, சியாஸ் போன்றவற்றில் வேரியபிள் ஜியாமெட்ரி டர்போவோடு 4,000 ஆர்பிஎம்மில் 90 பிஎஸ், 1,750 ஆர்பிஎம்மில் 200 நியூட்டன் மீட்டர்.

பிராஷரை மட்டும் பார்த்தால் குழப்பம். டார்க் 10 தான் கூடியிருக்கிறது, குதிரைத்திறன் எப்படி 15 கூடியது? கணக்குப் போட்டால் புரியும். 75 பிஎஸ் எஞ்சின் 4,000 ஆர்பிஎம்மில் கொடுக்கும் டார்க் 132 நியூட்டன் மீட்டர். 90 பிஎஸ் எஞ்சின் அதே இடத்தில் 158. உச்சத்தில் வித்தியாசம் 10, மேல்பக்கத்தில் வித்தியாசம் 26. பெரிய மாற்றம் நடந்திருப்பது உச்சத்தில் இல்லை, உச்சத்துக்கு அப்புறம் டார்க் எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதில். டர்போ மேல்பக்கமும் மூச்சு விடுகிறது, அவ்வளவுதான்.

எரிவாயுவில் இதே பாடம் தலைகீழாக. வேகன்ஆர் 1.0 வண்டி பெட்ரோலில் 67 பிஎஸ், 89 நியூட்டன் மீட்டர். சிஎன்ஜியில் 57 பிஎஸ், 82 நியூட்டன் மீட்டர். எஞ்சினின் உடம்பு அதே, எரிபொருள் மட்டும் வேறு. வாயு உள்ளே வரும்போது காற்றின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் இல்லை. அதனால் சிலிண்டருக்குள் போகும் காற்று குறைகிறது. உச்ச டார்க்கில் 8 சதவீதம்தான் இழப்பு. ஆனால் குதிரைத்திறன் உச்சம் வரும் 5,300–5,500 ஆர்பிஎம் பகுதியில் டார்க் 85 இலிருந்து 75 ஆக, ஏறக்குறைய 12 சதவீதம் இறங்குகிறது. “டவுனுக்குள்ள ஒண்ணும் தெரியல, பைபாஸ்ல லாரிய தாண்டறப்பதான் திணறுது” என்று சிஎன்ஜி வண்டி ஓட்டுபவர்கள் சொல்வது பிரமை இல்லை. சார்ட்டில் இருக்கிற விஷயம்தான்.

இதில் பாராட்ட வேண்டிய ஒன்று: குறைவு என்பதைத் தயாரிப்பாளரே அச்சடித்துச் சொல்கிறார். வெளிக் கடைகளின் தாள்களில் குறைவு என்று ஒரு கோட்டை நான் பார்த்ததே இல்லை. எல்லா மாற்றமும் எல்லா ஆர்பிஎம்மிலும் லாபம் மட்டுமே தருகிறது என்றால், சந்தேகம் வர வேண்டியது அங்கேதான்.

ஒரு தாளைப் பிரித்துப் பார்ப்போம்

அரியலூரில் என் மாமா மகன் ஒருவன் டிசையர் டீசல் ஒன்றை டாக்ஸியாக ஓட்டுகிறான். போன வருஷம் ஒரு கடையில் ரீமேப் செய்தான். கடை கொடுத்த தாளில் 75 பிஎஸ் 97 ஆகவும், 190 நியூட்டன் மீட்டர் 245 ஆகவும் ஏறியிருந்தது. மூன்று மாதத்தில் புகார் ஆரம்பித்தது. “மச்சான், சத்தம் ஏறுது, ஸ்பீடு ஏறல.” கடைக்காரர் சொன்ன தீர்வு, அடுத்த ஸ்டேஜ் ட்யூனிங். இன்னும் பதினைந்தாயிரம். டாக்ஸிக்கு இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும்போது அது சின்னத் தொகை இல்லை.

தாளைப் பார்த்தவுடன் மூன்று விஷயங்கள் இடித்தன.

முதலாவது, ‘முன்பு’ எண். ரோலர் டைனோ அளப்பது சக்கரத்தில். கிளட்ச், கியர்பாக்ஸ், டயர் எல்லாம் தாண்டி வரும் திறன் அங்கே கிடைக்கிறது. பிராஷரில் இருப்பது எஞ்சின் தண்டில் அளந்தது. எனவே சக்கரத்தில் அளந்தால் 75 ஐவிடக் குறைவாகத்தான் வர வேண்டும். இந்தத் தாளில் மிகச் சரியாக 75.0. அதாவது, சக்கரத்தில் வந்த எண்ணை ஏதோ ஒரு இழப்பு சதவீதத்தால் பெருக்கி, பிராஷர் எண் வரும்வரை அந்தச் சதவீதத்தைத் திருகியிருக்கிறார்கள். பல ஆண்டுகள் டாக்ஸியாக ஓடிய எஞ்சின் ஷோரூம் எண்ணைத் தசம இடம் வரை கொடுக்கிறது என்றால், அது அளவீடு இல்லை. விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கு எழுதுவது. நமக்கு ‘முன்பு’ எண்ணே தெரியாதபோது, கூடிய 22 பிஎஸ் எங்கிருந்து வந்தது?

இரண்டாவது, உள் முரண். பச்சைக் கோட்டில் 3,000 ஆர்பிஎம்மில் டார்க் 220 என்று காட்டியது. 220 ஐ 3,000 ஆல் பெருக்கி 7,024 ஆல் வகுத்தால் 94 பிஎஸ். ஆனால் அதே இடத்தில் குதிரைத்திறன் கோடு 84 இல் நின்றது. ஒரே அளவீட்டிலிருந்து வரும் இரண்டு கோடுகள் இப்படி 10 பிஎஸ் விலகி நிற்க முடியாது. ஒன்று, கோட்டை அழகாக்க மென்பொருளில் தேய்த்திருக்கிறார்கள். இல்லையென்றால் ஆர்பிஎம் அளவீடே தப்பு. எப்படியிருந்தாலும் இரண்டில் ஒன்றை நம்ப முடியாது.

மூன்றாவது, சூழல் விவரம் ஒன்றுமே இல்லை. வெப்பநிலை, காற்றழுத்தம், எந்தக் கியர், எந்தத் திருத்த விதி, எத்தனை ஓட்டம், எதுவும் இல்லை. இது ஏன் முக்கியம் என்று அடுத்துச் சொல்கிறேன்.

பெரம்பலூர் மே மாதம் எத்தனை குதிரை?

எஞ்சின் என்பது காற்று இறைக்கும் பம்பு. சூடான காற்று லேசானது, அதில் ஆக்ஸிஜன் குறைவு. அதனால் டைனோ எண்களை ஒரு பொதுச் சூழலுக்குத் திருத்துவார்கள். எஸ்ஏஇ ஜே1349 விதியில் அந்தப் பொதுச் சூழல் 25 டிகிரி செல்சியஸ், 99 கிலோபாஸ்கல் உலர் காற்றழுத்தம்.

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொண்டு அந்த விதியின் சூத்திரத்தில் நம்மூர் மே மாத மதியத்தைப் போட்டுப் பார்த்தேன். 40 டிகிரி, ஈரப்பதம் கழித்து 96.5 கிலோபாஸ்கல் என்று வைத்தால் திருத்தக் காரணி 1.06. மார்கழி விடியற்காலை, 22 டிகிரி, 97.8 கிலோபாஸ்கல் என்றால் 1.01. ஆக, வண்டியில் ஒரு ஸ்பானர்கூடப் படாமல், மே மதியத்துக்கும் மார்கழி விடியலுக்கும் இடையில் 5 சதவீத வித்தியாசம் வந்துவிடுகிறது. ‘முன்பு’ ஓட்டத்தை வண்டி வந்து நின்ற சூட்டில் மதியம் இரண்டு மணிக்கும், ‘பின்பு’ ஓட்டத்தை மறுநாள் காலை ஆறு மணிக்கும் எடுத்தால் ட்யூனருக்கு இயற்கையே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும்.

இன்னொரு சங்கதி. இந்தத் திருத்தம் டர்போ எஞ்சினுக்கு அப்படியே பொருந்தாது. டர்போ வண்டியில் கம்ப்யூட்டர் பூஸ்ட் அழுத்தத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். வெளியே அழுத்தம் குறைந்தால் டர்போ கொஞ்சம் அதிகமாகச் சுற்றி ஈடுசெய்யும். அதற்கு மேல் நாமும் 6 சதவீதம் சேர்த்தால் ஒரே பில்லுக்கு இரண்டு தடவை காசு வாங்குவதுபோல ஆகிவிடும்.

அளவு விதி மாறினாலே எண் மாறும் என்பதற்கு வரலாற்றில் பெரிய சாட்சி உண்டு. அமெரிக்காவில் 1972 மாடல் கார்களிலிருந்து ‘கிராஸ்’ குதிரைத்திறனை விட்டு ‘நெட்’ குதிரைத்திறனுக்கு மாறினார்கள். முன்னது ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் போன்ற சுமைகள் இல்லாமல் மேசையில் அளந்தது. பின்னது எல்லாம் மாட்டி அளந்தது. எஞ்சினே மாறாத கார்களுக்குக்கூட எண் தடாலென இறங்கியது.

வாடிக்கையாளர் டைனோ ஜெயித்த ஒரு சம்பவம்

டைனோவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஒழுங்காகப் பயன்படுத்தினால் அது பெரிய நிறுவனத்தையும் பதில் சொல்ல வைக்கும். 1999 இல் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் கோப்ராவை 320 குதிரைத்திறன் என்று விற்றது. வாங்கியவர்கள் ரோலரில் ஏற்றிப் பார்த்தபோது எதிர்பார்த்த அளவு வரவில்லை. ஒரு வண்டியில் இல்லை, வண்டிக்கு வண்டி அதே குறை. கடைசியில் ஃபோர்டு விற்காத வண்டிகளின் விற்பனையை நிறுத்தி, விற்றவற்றைத் திரும்ப அழைத்து, இன்டேக் மேனிஃபோல்டையும் எக்ஸாஸ்ட்டின் பின்பகுதியையும் எஞ்சின் கம்ப்யூட்டரையும் மாற்றிக் கொடுத்தது.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது முறை. யாரும் ஒரே ஒரு எண்ணை வைத்து வாதாடவில்லை. ஒரே மாதிரி வண்டிகள் பலவற்றில் ஒரே மாதிரி குறை திரும்பத் திரும்ப வந்தது. சாஃப்ட்வேர்காரர்கள் பாஷையில் சொன்னால், பக் ரீப்ரொட்யூஸ் ஆனது. தனி எண்ணுக்கு மதிப்பில்லை, திரும்ப வரும் வித்தியாசத்துக்குத்தான் மதிப்பு.

எதிர்ப் பக்கத்துக்கு ஃபோக்ஸ்வாகன். 2015 இல் வெளியான விவகாரம். சோதனைக் கூடத்தில் ஓடுகிறோமா, ரோட்டில் ஓடுகிறோமா என்பதை டீசல் கார்களின் மென்பொருள் கண்டுபிடித்து, கூடத்தில் மட்டும் புகையை அடக்கி வாசித்தது. டெஸ்ட் என்று தெரிந்தால் மட்டும் பாஸ் ஆகும் கோடு. அந்த வருஷம் டிசம்பரில் இந்தியாவிலும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள். எஞ்சினின் நடத்தையை மென்பொருள் மட்டுமே எவ்வளவு மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. “கம்பெனி சும்மாவே பவரை அடக்கி வச்சிருக்கான், நாங்க திறந்து விடுறோம்” என்று ட்யூனிங் கடைகள் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அடக்கி வைத்திருப்பதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. புகை விதி, எக்ஸாஸ்ட் வெப்பம், கிளட்ச்சின் தாங்குதிறன், கலப்பட டீசல், 45 டிகிரி வெயில், வாரண்டி. அவற்றில் எதை நீக்கினோம் என்று அந்தத் தாள் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

கோட்டின் வடிவத்தில் நோய் தெரியும்

உச்ச எண்ணை விட்டுவிட்டுக் கோட்டின் வடிவத்தைப் பார்க்கப் பழகினால், மாற்றத்துக்குப் பின் என்ன கெட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கீழ் ஆர்பிஎம்மில் மட்டும் டார்க் விழுந்து, மேலே சரியாக இருந்தால்: டர்போ இல்லாத வண்டி என்றால் பெரிய வாய் எக்ஸாஸ்ட்டோ, மாற்றிய கேம்ஷாஃப்ட்டோ, இன்டேக் நீளமோ காரணமாக இருக்கலாம். டர்போ வண்டி என்றால் முதலில் ஹோஸ் கிளிப்புகளைப் பாருங்கள், பூஸ்ட் கசிவு இருக்கும்.

எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே சதவீதம் குறைந்தால்: எஞ்சினுக்குள் தேடும் முன் வெளியே தேடுங்கள். வெயில், டயர் காற்று, ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக், ரோலரில் கட்டிய பெல்ட்டின் இறுக்கம். அவை இல்லையென்றால் பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் டைமிங் பின்தள்ளப்பட்டிருக்கும். நாக் சென்சார் தட்டல் சத்தம் கேட்டால் கம்ப்யூட்டர் அதைத்தான் செய்யும்.

கீழே நன்றாக இருந்து மேலே போகப் போக மூச்சு முட்டினால்: அடைபட்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அழுக்கு ஃபில்டர், தேவைக்கு எட்டாத எரிபொருள் அழுத்தம். டீசலில் ரெயில் பிரஷர் கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளி இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நடுவில் திடீரென்று அறுந்து விழுந்தால்: பூஸ்ட் எல்லை மீறி, கம்ப்யூட்டர் பயந்து திறனைக் குறைத்திருக்கிறது. லிம்ப் மோடு என்பது இதுதான்.

ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால்: எஞ்சினை விட்டுவிட்டு கிளட்ச்சைப் பாருங்கள்.

மாமா மகன் வண்டியில் இந்தக் கடைசிச் சோதனையைத்தான் செய்தோம். ஓபிடி போர்ட்டில் மாட்டும் சின்ன அடாப்டரும் போனும் போதும். மேனுவல் வண்டியில் ஒரு கியரில் இருக்கும்போது ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்தால் எப்போதும் ஒரே எண்தான் வரும். கிளட்ச் வழுக்காதவரை அது மாற வழியே இல்லை. நாலாவது கியரில் அவன் வண்டிக்கு அது 28. மெதுவாக ஓட்டியபோது 28 தான். 2,000 ஆர்பிஎம் தாண்டி முழுசாக அழுத்தியதும் 32 க்கு ஓடியது. டார்க் உச்சம் எங்கே இருக்கிறதோ அங்கேயே வழுக்குகிறது. 190 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் உபரி வைத்துச் செய்த கிளட்ச், அதுவும் பாதி தேய்ந்தது. ரீமேப் கொடுத்த கூடுதல் டார்க்கை அது ரோட்டுக்கு அனுப்பாமல் சூடாக மாற்றிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் அடுத்த ஸ்டேஜ் ட்யூனிங் செய்திருந்தால் காசு கொடுத்துக் கிளட்ச்சைச் சீக்கிரம் எரித்திருப்பான். கிளட்ச்சை மாற்றி, பழைய மேப்பையே திரும்ப ஏற்றிக்கொண்டான். வண்டி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

கவனியுங்கள், ரீமேப் வேலை செய்யாததால் வந்த கோளாறு இல்லை இது. வேலை செய்ததால் வந்தது. கடைக்காரரின் தாளில் இதற்கு இடமே கிடையாது.

அரியலூர்த் தூசியும் ஓப்பன் ஃபில்டரும்

நம்மூர்ப் பையன்கள் அதிகம் மாட்டுவது கூம்பு வடிவ ஓப்பன் ஏர் ஃபில்டர். இதைப் பற்றிய விளம்பரங்கள்தான் இருப்பதிலேயே பலவீனமானவை. காற்றழுத்தம் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல். அதில் ஃபில்டர் ஒரு கிலோபாஸ்கல் தடை கொடுத்தால் இழப்பு ஏறக்குறைய 1 சதவீதம். சுத்தமான கம்பெனி ஃபில்டரின் தடையை முழுசாக நீக்கினாலும் கிடைக்கப்போவது ஒன்றிரண்டு சதவீதம்தான். அதே சமயம் கூம்பு ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சுகிறது. வெளியே 40 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 6 சதவீதம் குறைவு. ஒரு ரூபாய் சம்பாதிக்க மூன்று ரூபாய் பஸ் சார்ஜ்.

இன்னொரு சிக்கல் சத்தமில்லாதது. காற்றின் அளவைக் கணக்கிடும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அது மாட்டியிருக்கும் குழாயின் விட்டத்துக்கு ஏற்ப அளவு செய்யப்பட்டது. குழாயைப் பெரிதாக்கினால் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாகச் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கும். ஃப்யூயல் டிரிம் நீண்ட காலச் சராசரி பத்து சதவீதத்துக்கு மேல் பிளஸ்ஸில் நின்றால் இந்த நோய் இருக்கலாம். எண்ணெய் தடவிய ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் அந்தச் சென்சார் கம்பியிலேயே படியும்.

இதையெல்லாம் அரியலூரில் வைத்து யோசியுங்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாகக் கிடந்த இடம், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமெண்ட் ஆலைகள், விடிய விடியக் கல் ஏற்றும் டிப்பர்கள். அந்த ரோட்டோரச் செடிகளின் நிறத்தைப் பார்த்தாலே எந்த ஃபில்டர் வேண்டும் என்று தெரிந்துவிடும். சுண்ணாம்பு மென்மையான கல்தான், ஆனால் ரோட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணல் சிலிண்டர் சுவரைவிடக் கடினமானது. ஃபில்டர் நழுவவிடும் தூசி பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும், கம்ப்ரஷன் குறையும். இரண்டு வருஷம் கழித்து எல்லா ஆர்பிஎம்மிலும் டார்க் இறங்கியிருக்கும். அப்போது யாரும் ‘முன்பு’ சார்ட்டைத் தேடி எடுத்துப் பார்ப்பதில்லை.

நம்பக்கூடிய எல்லை எது?

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு ரீமேப்பில் 15, 20 சதவீதம் டார்க் கூடும் என்று சொன்னால் ஒரு சின்னச் சோதனை உண்டு. டார்க்கை லிட்டர் கொள்ளளவால் வகுங்கள். ஸ்விஃப்ட்டின் 1.2 பெட்ரோல் 113 நியூட்டன் மீட்டர், லிட்டருக்கு 94. 9,000 ஆர்பிஎம் வரை பாடும் ஹோண்டா எஸ்2000, பந்தய எஞ்சின் மாதிரி செதுக்கியது, 2.0 லிட்டரில் 208 நியூட்டன் மீட்டர், லிட்டருக்கு 104. சாதாரண ஸ்விஃப்ட்டில் ஒரு ஃபைலை மாற்றி லிட்டருக்கு 113 வரவைத்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் ஹோண்டா எஞ்சினியர்களைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். இல்லையென்றால் டைனோ திருத்தம் அவருக்குக் கைகொடுத்திருக்கிறது.

டர்போ வண்டியில் இந்த எல்லை கிடையாது. அங்கே பூஸ்ட்டும் டீசலும் கூட்டினால் டார்க் நிஜமாகவே கூடும். அதன் விலை கிளட்ச்சிலும், எக்ஸாஸ்ட் வெப்பத்திலும், கரும்புகையிலும் வரும்.

டைனோ இல்லாமல் சரிபார்க்க எளிய வழி, மூன்றாவது கியரில் 40 இலிருந்து 80 வரை எடுக்கும் நேரம். ஆளோடு 1,250 கிலோ எடையுள்ள வண்டிக்கு அது 8 வினாடி என்று வையுங்கள். சக்கரத்துக்கு வரும் திறன் நிஜமாகவே 20 சதவீதம் கூடியிருந்தால் நேரம் ஏறக்குறைய 6.5 வினாடிக்கு இறங்க வேண்டும். 7.7 வந்தால் தாளில் உள்ள எண் தாளிலேயே இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கண்ணுக்குத் தெரியாத ஏற்றமே 6, 7 சதவீதத்தைத் தின்றுவிடும். அதனால் ஒரே நீட்டில் போகவும் வரவும் ஓட்டி, சராசரி எடுக்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத இடம், நல்ல வெளிச்சம், பக்கத்தில் நேரம் குறிக்க இன்னொருவர். இவை இல்லாமல் செய்யாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சிஎன்ஜி மாற்றம்போல அங்கீகாரம் பெற்று ஆர்.சி.யில் ஏற்றும் வழிகள் தனி. டாக்ஸி வைத்திருப்பவருக்கு எஃப்.சி., இன்சூரன்ஸ் இரண்டும் இதில் மாட்டும்.

நல்ல ரிப்போர்ட் எப்படி இருக்க வேண்டும்?

ட்யூனிங் கடை நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், என் எதிர்பார்ப்பு இவ்வளவுதான். சக்கரத்தில் அளந்த எண்ணை, இழப்பு சேர்க்காமல் அப்படியே கொடுங்கள். முன்பும் பின்பும் ஒரே நாளில், ஒரே ரோலரில், ஒரே கியரில் மூன்று மூன்று ஓட்டம், மூன்றின் கோடும் தெரியும்படி. வெப்பநிலை, காற்றழுத்தம், திருத்த விதி. கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும், டீசல் என்றால் ரெயில் பிரஷரும். கடைசியாக, எந்தப் பாதுகாப்பு எல்லையை எவ்வளவு தளர்த்தினீர்கள் என்று ஒரு வரி. டைனோ வைத்திருப்பவருக்கு இதில் எதுவும் கூடுதல் செலவு இல்லை. ஒரு பக்கம் அதிகமாக பிரிண்ட் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

காசு கொடுப்பவர்களுக்கு: தாள் கையில் கிடைத்ததும் ஏதாவது ஒரு ஆர்பிஎம்மை எடுத்து, டார்க்கைப் பெருக்கி, 7,024 ஆல் வகுத்துப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள். அடுத்த பதிவில் அந்த 40–80 ஓட்டத்தின் ஓபிடி பதிவிலிருந்து டார்க் கோடு வரையும் சின்ன நிரலை விளக்கி எழுதுகிறேன். பெரம்பலூர், அரியலூர் பக்கம் ரீமேப் செய்தவர்கள் முன்–பின் லாக் ஃபைல் வைத்திருந்தால், வண்டி எண்ணை நீக்கிவிட்டு அனுப்புங்கள், சேர்த்துப் பார்ப்போம்.